பவுனம்மாவின் வீட்டு வரி

இந்த விவரத்தைத் திருஞானம் பல வருடங்களாக நம்பவில்லை. பாதி சம்பவங்கள் அவர் கையிலிருந்த அளவு நாடாவின் முனையிலேயே நடந்தவை என்பதும், அவற்றைத் தன் இரண்டு கண்ணாலும் பார்த்தவர் அவர் என்பதும் அந்தச் சந்தேகத்தைக் கொஞ்சமும் குறைக்கவில்லை. மீதிப் பாதியைச் சொன்னவள் பவுனம்மா. அவள் சொன்னதை மறுக்க அவரிடம் ஆதாரம் இல்லை, ஏற்றுக்கொள்ள மனசும் இல்லை. எருக்கலம்பாடி ஊராட்சிக்குச் செயலராக வந்தபோது அவருக்கு நாற்பது வயதுகூட ஆகியிருக்கவில்லை. இப்போது ஓய்வுபெறப் போகிற நேரத்தில், சோற்றில் கை வைக்கும்போதும், பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கும்போதும், நான் பார்த்தது நிஜம்தானா, நிஜமென்றால் அதற்கு நான் என்ன செய்தேன் என்று தன்னையே குடைந்துகொள்கிற ஆளாகிவிட்டார்.

எருக்கலம்பாடியில் வீட்டு வரி என்பது கூரையைப் பார்த்துப் போடுவது. கீற்றுக்கு ஒரு விகிதம், ஓட்டுக்கு ஒன்று, தளத்துக்கு ஒன்று. நீளத்தை அகலத்தால் பெருக்கி, வந்த சதுர அடியை விகிதத்தால் பெருக்கினால் முடிந்தது. கணக்கு இவ்வளவுதான். ஆனால் அளக்க வருகிறார்கள் என்று செய்தி வந்த காலையில் ஊரே வேறு ஊராக மாறிவிடும். தளம் போட்டவர் தளத்தின்மேல் சோளத்தட்டையைப் பரப்பிவிட்டு, ‘கூரைதான் சார், பாருங்க’ என்பார். புதிதாக எடுத்த அறைக்குள் இரண்டு ஆடுகளைப் பிடித்துக் கட்டி, ‘இது பட்டி சார், இதுக்கும் வரியா?’ என்பார்கள், அந்த ஆடுகளும் மின்விசிறிக் காற்றில் நின்றபடி தாங்கள் பிறந்ததே அங்கேதான் என்பதுபோல அசைபோடும். அப்படி எல்லோரும் வரியிலிருந்து ஒளிந்துகொண்டிருந்த ஊரில், எனக்கு வரி போடுங்கள் என்று கேட்டு அலுவலக வாசலில் வந்து நின்றவள் பவுனம்மா ஒருத்திதான்.

அவள் கீழத்தெருவின் நடுவில் குடியிருந்தாள். மண்சுவர், நாட்டு ஓடு, வருஷம் தவறாமல் அடிக்கிற சுண்ணாம்பு. சாய்ந்தவர்களின் தோளில் ஒட்டிக்கொண்டு வருகிற சுண்ணாம்பு அது. புருஷன் ராசாங்கம் காமாலையில் போய்ச் சேர்ந்துவிட்டான். அரசாங்கம் ரேஷன் கார்டுக்குக் கொடுத்த கிரைண்டர் அட்டைப்பெட்டியோடு மூலையில் இருந்தது. அதை ஓட்டி மாவு விற்றுப் பிழைத்துக்கொள்ளலாம் என்பது அவள் எண்ணம். அதற்கு மின்சாரம் வேண்டும். மின்சாரம் கேட்டுப் போனால் வீட்டு வரி ரசீது கொண்டு வா என்றார்கள். பட்டா இல்லாத இடத்தில் குடியிருப்பவர்களுக்கு அந்த ரசீதுதான் எல்லாம். அது இருந்தால் வீடு இருக்கிறது, இல்லாவிட்டால் வீடு இல்லை.

திருஞானம் நாடாவை எடுத்துக்கொண்டு போனார். ஊருக்குத் தண்ணீர் திறந்துவிடும் சின்னையா கூட வந்தார். திருஞானம் நாடாவின் கொக்கியைக் கிழக்குச் சுவரில் வைத்துப் பிடித்துக்கொண்டார். சின்னையா நாடாப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மேற்குச் சுவருக்கு நடந்தார்.

“சார், நாடா வரமாட்டேங்குது.”

“இழுய்யா.”

“இழுத்துக்கிட்டுத்தான் வந்தேன். நான் மேலச் செவுத்துல நிக்கிறேன். நீங்க கீழச் செவுத்துல நிக்கிறீங்க. நாடா பெட்டிக்குள்ளயே கெடக்கு.”

அது அப்படித்தான் இருந்தது. நடுவில் அடுப்பு இருந்தது, அட்டைப்பெட்டி இருந்தது, கால் நீட்டிப் படுக்கப் பாய் விரித்த இடம் இருந்தது, பவுனம்மா இடுப்பில் கை வைத்து நின்றுகொண்டிருந்தாள். இந்தச் சுவரைத் தொட்ட கொக்கிக்கும் அந்தச் சுவரைத் தொட்ட பெட்டிக்கும் இடையில் நாடா ஒரு விரற்கடைகூட வெளியே வரவில்லை. பூஜ்யம். நீளவாக்கில் பிடித்தார்கள், பூஜ்யம். திருஞானம் தாளில் பெருக்கிப் பார்த்தார். ஓட்டுக்கான விகிதத்தை எதனால் பெருக்குவது?

“பூஜ்யம் வருதும்மா.”

“அப்ப பூஜ்யம்னு எழுதி ரசீது குடுங்க சார்.”

“பூஜ்யத்துக்கு ரசீது கெடையாதும்மா.”

“அப்ப ஒரு ரூவா போட்டுக்குங்க.”

“அளவு இல்லாம எப்படிப் போடறது?”

“நான் நிக்கிறேனே, இந்த எடம் என்ன அளவு சார்?”

விதியில் இல்லாத கேள்வி கேட்டால் அவருக்குக் கோபம் வரும்; அன்றும் வந்தது.

ஊர் ஆச்சரியப்படவில்லை. தையற்காரர் தன் நாடாவோடு வந்தார், ஆசாரி முழக்கோலோடு வந்தார், பால்காரி கொடிக்கயிற்றைக் கொண்டுவந்து இந்த மூலைக்கும் அந்த மூலைக்கும் பிடித்துப் பார்த்து, கயிற்றின் இரண்டு முனையும் தன் ஒரே கையில் இருப்பதைக் கண்டு, மாட்டுக்குக் கயிறு மிச்சம் என்று சொல்லிவிட்டுப் போனாள். டீக்கடையில் பேச்செல்லாம் ஒரே விஷயத்தைப் பற்றித்தான். இது எப்படி நடந்தது என்று அங்கே ஒருவரும் கேட்கவில்லை. அப்படியென்றால் அவளுக்கு வரியே கிடையாதா என்று கேட்டார்கள். பொறாமையாகக் கேட்டார்கள்.

முதலில் பலன் கண்டவர் பக்கத்து வீட்டு வையாபுரி. மாவு மில் வைத்திருந்தவர், ராசாங்கத்துக்குப் பங்காளி முறை, பவுனம்மாவுக்குக் கொழுந்தன். அவர் புதிதாகத் தளம் போட்டுக் கட்டிய கூடத்துக்கு ஒரு பக்கச் சுவர் செலவை மிச்சம் பிடிப்பதற்காகப் பவுனம்மாவின் சுவரையே வைத்துக்கொண்டிருந்தார். திருஞானம் அதை அளந்தபோது நாடா பெட்டியை விட்டு வரவில்லை. வையாபுரி சிறிது நேரம் அந்தப் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு வீட்டுக்குள் போய் எல்லைக் கருப்புக்குப் பொங்கல் வைக்க அரிசி எடுக்கச் சொன்னார்.

அதன்பின் கீழத்தெரு பவுனம்மாவின் வீட்டை நோக்கி நகரத் தொடங்கியது. வடக்கு வீட்டார் ஒரு தாழ்வாரத்தை நீட்டித் தொட்டார்கள், தெற்கு வீட்டார் மாட்டுக்கொட்டகையைத் திருப்பி வைத்துத் தொட்டார்கள், அவர்களைத் தொட்டு அடுத்தவர்கள், அவர்களைத் தொட்டு அதற்கடுத்தவர்கள், தொட வழியில்லாத எதிர்சாரிக்காரர்கள் குறுக்கே கொடிக்கம்பி கட்டித் துணி காயப்போட்டுத் தொட்டார்கள். காலையில் ஒருவர் கத்தரிக்காய் கொண்டுவருவார், மாலையில் ஒருவர் முருங்கைக்காய் கொண்டுவருவார். “அக்கா, ஒரு ஓரமா சாஞ்சுக்கறேன்,” “மதினி, ஒரே ஒரு தூணு, செவுத்துக்கு வலிக்காம வெக்கிறேன்.” பெண் கேட்டு வருகிறவர்களைப் போலத் தட்டோடு வந்தவர்களும் உண்டு. தெருவில் யாரைப் பார்த்தாலும் தோளில் சுண்ணாம்பு. பவுனம்மா யாரையும் தடுக்கவில்லை. இத்தனை பேர் என் சுவரைத் தொட்டு நிற்கும்போது எனக்கு வீடு இருக்கிறது என்று சொல்ல நாளைக்கு ஆள் வேண்டாமா என்று நினைத்தாள்.

கிராம சபை நடந்த அன்று எழுந்து கேட்டாள். “இங்க இருக்கிற எல்லாரும் எங்க வீட்டுச் செவுத்தப் பாத்தவங்கதான். பவுனம்மாவுக்கு வீடு இருக்குன்னு சபையில சொன்னா, அத எழுதி ரசீது குடுக்கலாம்னு சார் சொல்றாரு. ஒரு வார்த்தை சொல்லுங்க.”

உண்மையில் திருஞானம் அப்படித்தான் சொல்லியிருந்தார். அதுகூட விதியில் இருக்கிறதா என்பது அவருக்கே சந்தேகம். ஆளாளுக்குக் காலடியில் கிடந்த கூழாங்கல்லை ஆராய்ந்தார்கள்.

வையாபுரிதான் தொண்டையைச் செருமினார். “அண்ணி, தப்பா நெனைக்காதீங்க. உங்க வீடு அளவுக்கு வந்துட்டா, ஒட்டியிருக்கிறதெல்லாம் அளவுக்கு வந்துரும். உங்க ஒருத்திக்கு லைட்டு எரியணும்னு தெருவுக்கே வரி வரணுமா?”

“கொழுந்தனாரே, ஒங்க மில்லு மிசினு மட்டும் கரண்டுல ஓடலாம், நான் மட்டும் ஆட்டுக்கல்லுல ஆட்டணுமா?”

“ஆட்டுக்கல்லு மாவுக்குத்தான் ருசி அண்ணி,” என்றார் அவர். சபை சிரித்தது. தலைவரும் சிரித்தார். அடுத்த பொருளுக்குப் போனார்கள்.

அந்த வருடங்களை நினைத்தால் திருஞானத்துக்கு இன்றைக்கும் நெஞ்சு எரியும். கீழத்தெருவின் வரி நின்றுபோனதால் தெருவிளக்குக்குப் பல்பு வாங்கப் பணமில்லை, மோட்டார் காயில் போய்த் தண்ணீருக்கு அடிதடி, அதற்கும் அவரையே திட்டினார்கள். மேலிடத்தில் கூப்பிட்டு, “என்னய்யா, ஒரு தெருவையே காணோம்?” என்று கேட்டார்கள். இருக்கிறது சார், ஆனால் அளவுக்கு வரமாட்டேன் என்கிறது என்று எப்படிச் சொல்வது? புது நாடா வாங்கச் சொன்னார்கள். வாங்கினார். பவுனம்மா வாரம் தவறாமல் வந்து கேட்பாள், அவர் வாரம் தவறாமல் இல்லை என்பார். அவள் போனபிறகு மேஜையில் வைத்த தண்ணீரைக் குடிக்காமல் பார்த்துக்கொண்டிருப்பார்.

ஒருநாள் மத்தியானம் அவள் வீட்டு வாசலில் அவரே கேட்டார், ஏனம்மா இப்படி என்று. அவள் ஆட்டுக்கல்லில் குழவியைச் சுற்றிக்கொண்டே, கையை நிறுத்தாமல், அக்கம்பக்கத்துச் செய்தி சொல்வதுபோலச் சொன்னாள்.

“இலவச வீடு கட்டித் தர்றோம்னு பேரு எழுத வந்தாங்க சார். வீடு இல்லாதவங்களுக்குத்தான்னாங்க. எங்க வீட்டுக்காரரு போயி பேரு குடுத்தாரு. கொழுந்தனாரு எந்திரிச்சு, ஒனக்குத்தான் வீடு இருக்கேன்னாரு. இவருக்கு ரோசம். அது வீடாடா, மழ பேஞ்சா சட்டி வெக்கிற எடம் வீடான்னு கேட்டாரு. அப்ப கருப்புகிட்ட வந்து சத்தியம் பண்ணுன்னாங்க. போனாரு. கற்பூரத்தக் கொளுத்தி, எனக்கு வீடே இல்ல சாமின்னு சொல்லிக் கையால அமுக்கி அணைச்சாரு. தெருவே சுத்தி நின்னு ஆமா, அவனுக்கு வீடு இல்லன்னுச்சு. நாளைக்கு அவங்களும் வீடு இல்லன்னு பேரு குடுக்கணும்ல, அதான்.”

“அப்புறம்?”

“அப்புறம் என்ன, பட்டியல்ல கடைசியா பேரு வந்துச்சு, மறுவருசம் பட்டியலே மாறிப்போச்சு. சத்தியம் பண்ணுன அன்னைக்கு வந்து படுத்தவரு சொன்னாரு, ஏ பவுனு, யாரு வீட்டுலயோ படுத்திருக்கிற மாதிரி இருக்குடின்னு. சாகிற வரைக்கும் அதத்தான் சொல்லிக்கிட்டிருந்தாரு.”

திருஞானம் நம்பவில்லை. படித்தவர் என்பதால் மட்டுமல்ல. ஒரு வாயிலிருந்து வந்த ‘இல்லை’க்கு இவ்வளவு வலு உண்டு என்று ஒத்துக்கொண்டால், தினமும் மேஜையில் உட்கார்ந்து தான் எழுதித் தள்ளிய ‘இல்லை’களால் எங்கெங்கே எதெல்லாம் இல்லாமல் போயிற்றோ என்று யோசிக்க வேண்டியிருக்கும். அந்தக் கதவைத் திறக்க அவருக்குப் பயமாக இருந்தது.

பிறகு சாலை வந்தது. மாவட்டத்தை மாவட்டத்தோடு இணைக்கிற அகலச் சாலை. வரைபடத்தில் அது கீழத்தெருவின் மேல் நேராகப் போனது. மூன்று கால் கருவியோடு வந்த பையன்கள், எடுக்கிற கட்டடத்துக்குச் சதுர அடிக்கு இவ்வளவு என்று இழப்பீடு சொன்னபோது தெருவே குளிர்ந்துபோயிற்று. அந்தத் தொகை அப்படி. மறுநாள் கருவியை வைத்துப் பார்த்தார்கள். வையாபுரியின் கூடம் பூஜ்யம். தாழ்வாரம் பூஜ்யம். கொடிக்கம்பியால் தொட்டிருந்த மாடிவீடு பூஜ்யம். கம்பியை அவசரமாக அறுத்துப் பார்த்தார்கள், தூண்களைப் பெயர்த்துத் தள்ளி வைத்தார்கள், தோளில் இருந்த சுண்ணாம்பைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினார்கள். ஒன்றும் நடக்கவில்லை. ஒட்டிக்கொண்டது ஒட்டிக்கொண்டதுதான்.

சாயங்காலம் தெரு முழுவதும் பவுனம்மாவின் வாசலில் நின்றது. வையாபுரி செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார்.

“அண்ணி, அன்னைக்குக் கருப்பு முன்னால சொன்னத நாங்களே மாத்திச் சொல்லிடறோம். நீங்க கூட வந்து நின்னாப் போதும்.”

“இப்ப மட்டும் எனக்கு வீடு இருக்கா கொழுந்தனாரே?”

“இருக்கு அண்ணி.”

“எங்க இருக்கு?”

“இதோ, இங்கதான் அண்ணி. கண்ணு முன்னால.”

“சார் காதுல விழுற மாதிரி சொல்லுங்க.”

திருஞானம் தெருமுனையில் நின்றிருந்தார். வையாபுரி அவர் பக்கம் திரும்பிக் கத்திச் சொன்னார்.

மறுநாள் உச்சிவெயிலில் எல்லைக் கருப்பின் கல்லுக்கு முன்னால் தெரு முழுவதும் நின்றது. ஒவ்வொருவராகக் கற்பூரத்தைக் கொளுத்தி, பவுனம்மாவுக்கு வீடு இருக்கிறது என்று சொல்லி, உள்ளங்கையால் அமுக்கி அணைத்தார்கள். கடைசி ஆள் கையை எடுத்தபோது பவுனம்மா திரும்பி நடந்தாள், பின்னால் திருஞானமும் சின்னையாவும் நாடாவோடு ஓடினார்கள். கொக்கியைக் கிழக்குச் சுவரில் வைத்தார்கள். சின்னையா நடந்தார். நாடா சர்ரென்று சத்தத்தோடு வெளியே வந்தது. பவுனம்மா அந்தச் சத்தத்தைத் தலையைச் சாய்த்துக் கேட்டாள். இன்னொரு தடவை இழுங்கள் சார் என்றாள். இழுத்தார்கள்.

திருஞானம் அங்கேயே அட்டைப்பெட்டியின் மேல் வைத்து ரசீது எழுதினார். அவள் இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, கையோடு மின்சார அலுவலகத்துக்குப் போனாள்.

மண் அள்ளும் இயந்திரங்கள் வருவதற்குள் எல்லோருக்கும் இழப்பீடு வந்தது. அவளுக்கு வரவில்லை. எந்த மூன்று வருடத்துக்காவது வீட்டு வரி கட்டிய ரசீது இணைக்க வேண்டும் என்பது விதி. மற்றவர்களிடம் பழைய வீட்டுக்குக் கட்டிய பழைய ரசீதுகள் இருந்தன. அவளிடம் மை காயாத ஒன்று இருந்தது.

“மூணு வருசத்துக்கும் இப்பவே கட்டிடறேன் சார்.”

“போன வருசம் அளவு இல்லையேம்மா. அளவு இல்லாத வருசத்துக்கு வரி வாங்க முடியாது.”

“அப்ப இனிமே மூணு வருசம் கட்டறேன்.”

“வீடே இருக்காதேம்மா.”

“நம்பரு இருக்குல்ல சார்?”

நம்பர் இருந்தது. ஒருதடவை விழுந்த வரி எண் தானாகப் போகாது. அடுத்த ஏப்ரலில் அதன் பேரில் வரி கேட்டு நோட்டீஸ் வந்தது, அவள் வந்து கட்டினாள். மூன்று ரசீது சேர்ந்தபோது இழப்பீட்டு அலுவலகம் சாலையோடு சேர்ந்து அடுத்த மாவட்டத்துக்குப் போயிருந்தது. அங்கேயும் போனாள். எடுப்பதற்குமுன் கட்டிய வரிதான் செல்லும் என்று திருப்பி அனுப்பினார்கள். திரும்பி வந்து, நான்காவது வருடத்துக்கும் கட்டினாள்.

இதையும் ஊர் பழகிக்கொண்டது. கீழத்தெருக்காரர்கள் சாலைக்கு அந்தப் பக்கம் புது வீடுகள் கட்டிக்கொண்டார்கள், அந்த இடத்தில் பேருந்து நின்று போகத் தொடங்கியது, நடத்துநர் “பவுனம்மா வீடெல்லாம் எறங்கு” என்று கூவுவார், அங்கே வீடு எதுவும் இல்லை என்று யாரும் சொன்னதில்லை. ரசீது செல்லும் என்பதால் மின்சாரக்காரர்கள் இணைப்பும் கொடுத்துவிட்டார்கள். சாலையோரத்துக் கல்தூணில் மீட்டர் மாட்டியிருந்தது, அதிலிருந்து ஒரு கம்பி தார்ச்சாலைக்கு மேலே கொஞ்ச தூரம் போய் நின்றது, லாரிக்காரர்கள் அந்த இடத்தில் ஏனோ வண்டியைக் கொஞ்சம் ஒடித்துப் போனார்கள். மீட்டரில் சிவப்பு விளக்கு விட்டுவிட்டு மின்னியது. காலையில் நிறுத்தத்தில் பவுனம்மா மாவு விற்றாள். மெத்தென்று பொங்கிய, கிரைண்டரில் ஆட்டிய மாவு. வையாபுரி வீட்டிலும் அந்த மாவுதான். எங்கே ஆட்டுகிறாய் என்று யாரும் கேட்கவில்லை. அவள் தங்கச்சி வீட்டில் இருப்பதாக ஊர் நினைத்தது, ஊரில் இருப்பதாகத் தங்கச்சி நினைத்தாள்.

பேருந்து ஓடாத ஒரு பந்த் நாளில் திருஞானம் சின்னையாவைக் கூட்டிக்கொண்டு வெறுஞ்சாலையில் போய் நின்றார். எதற்கு என்று அவருக்கே சொல்லத் தெரியவில்லை. நாடாவின் கொக்கியைக் காற்றில் நீட்டினார். அது மாட்டிக்கொண்டு நின்றது. சின்னையா பெட்டியை இழுத்துக்கொண்டு மஞ்சள் கோட்டைத் தாண்டி நடந்து, எதிலோ தோள் முட்டி நின்று, அளவைப் படித்தார். ரசீதில் இருந்த அதே அளவு.

“சரியாத்தான் இருக்கு சார். எழுதிக்குங்க,” என்றார் சின்னையா, தோளைத் தட்டிவிட்டுக்கொண்டே.

எழுதிக்கொள்ளவில்லை. நம்பவும் இல்லை. அந்த வருடமும் அதற்கடுத்த வருடங்களும் ஏப்ரல் முதல் வாரத்தில் அவள் வந்தாள், அவர் வாங்கினார், எழுதினார், கிழித்துக் கொடுத்தார்.

அவர் பணியில் இருந்த கடைசி ஏப்ரலிலும் வந்தாள். தலைமயிர் முழுக்க வெளுத்திருந்தது. முந்தானை முடிச்சை அவிழ்த்துப் பணத்தை மேஜையில் வைத்தாள்.

“ஓட்டு வீடுன்னே போடுங்க சார். மாத்திடாதீங்க.”

“மாத்தலம்மா.”

“அடுத்த வருசம் புது சார் வருவாராமே. அவருகிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போங்க. மறுபடியும் மொதல்லேருந்து என்னால முடியாது.”

சொல்கிறேன் என்றார். ரசீதைக் கிழித்து நீட்டும்போது அவளுடைய இடது தோள் கண்ணில் பட்டது. புடவையில், சுவரில் சாய்ந்து எழுந்தவளுக்கு ஒட்டுகிறதுபோல, வெள்ளையாகச் சுண்ணாம்பு. இது இன்றைக்குத்தான் இருக்கிறதா, எல்லா ஏப்ரலும் இருந்ததா? இத்தனை வருடமாக அவளிடம் பெயர் கேட்டிருக்கிறார், கணவர் பெயர் கேட்டிருக்கிறார், கதவு எண் கேட்டிருக்கிறார், கூரை என்ன வகை என்று கேட்டிருக்கிறார். விதியில் இருந்த எல்லாக் கேள்வியையும் கேட்டாயிற்று. ரசீதின் ஒரு முனை அவர் கையிலும் மறுமுனை அவள் கையிலும் இருந்தது. அவர் விடவில்லை.

“பவுனம்மா, ராத்திரி நீங்க எங்கே படுக்கறீங்க?”